முதல் நாள் சிநேகிதி

"ஆறு வருஷம் வீட்டுலயே வெச்சுப் பாடம் சொல்லிக்குடுத்தீங்க அண்ணி. உங்க பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு சிநேகிதி கெடச்சா, என் காதை அறுத்துக்கறேன்!" என்று நாத்தனார் பந்தயம் கட்டியிருந்தாள்.

மாரிசெல், "பயப்படாம நீயா போய்ப் பேசு" என்று மகள் அமிஹானை பள்ளிக்கூடத்துக்குள்ளே அனுப்பிவிட்டு, பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகர வெயிலில் மாலை மணி அடிக்கும்வரை வாசலிலேயே நின்றாள்.

மகள் பறந்து வந்தாள். "அம்மா! சிநேகிதி பிடிச்சுட்டேன்! சனிக்கிழமை பான்சிட் நூடுல்ஸ் சாப்பிட வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன்!"

மாரிசெல் துள்ளினாள். "யாருடி? உன்கூட வெளிய வந்தாளே, அந்தச் சிவப்பு ரிப்பன் கட்டினவளா?"

"அவ என் சிநேகிதி. எனக்குத்தான் பதினோரு பேர் கெடச்சாச்சே! நான் சொல்றது அவ அம்மாவை." அமிஹான் வாசலின் மறுபக்கம் தனியே நின்றவளைக் காட்டினாள். "அவங்க உனக்கு. ஜன்னல் வழியாப் பார்த்தேன், காலையிலேருந்து உன்னை மாதிரியே யார்கிட்டயும் பேசாம நிக்கறாங்க. பயப்படாம நீயா போய்ப் பேசும்மா!"