கூண்டுக்குள் ஓர் எழுத்து

“அந்தக் கரடிக்குட்டியை முதல்ல அவுத்து உடு கண்ணு!”

முதலாளி ஆத்தப்பன் போட்ட சத்தத்தில் அமராவதி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மில் முதலாளி வீட்டுக்குள் கரடி எப்படி வந்தது?

எட்டிப் பார்த்தாள். கரடியுமில்லை, குட்டியுமில்லை. முதலாளியின் மகள் தேஜஸ்ரீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கோயம்புத்தூர் காலேஜிலிருந்து லீவுக்கு வந்த பெண். திரை முழுக்க எறும்பு மொய்த்த மாதிரி எழுத்துகள்.

“அட, வா அமராவதி. ஹாஸ்டல்ல ஏதாச்சும் பிரச்னையா?”

“ஒரு சேதி சொல்லோணுங்க முதலாளி...”

“இரு, இந்தக் கரடிப் பஞ்சாயத்தை முடிச்சுக்கறேன்.”

அமராவதி சுவரோரம் ஒதுங்கினாள். மில் ஹாஸ்டலுக்கு அவள்தான் வார்டன். கோபக்காரி. அவள் செருப்புச் சத்தம் கேட்டால் மெஸ்ஸில் தட்டுச் சத்தம் அடங்கிவிடும். ஆனால் இன்றைக்கு என்னவோ முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

எல்லாம் முப்பிடாதியால்தான். தென்காசிப் பக்கத்துப் பெண். மூன்று வருசம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்ற பேச்சை நம்பி மில்லுக்கு வந்தவள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவிர கேட்டைத் தாண்டக் கூடாது. அதுதான் மில்லின் சட்டம். அவளுடைய அப்பன் இன்று விடியற்காலையில் கேட்டுக்கு வெளியே வந்து நின்று அழுத அழுகை அமராவதியின் காதை விட்டுப் போகவே இல்லை.

“இது வெறும் கேம்தாம்ப்பா,” தேஜஸ்ரீ சிரித்தாள். “குள்ளருங்க மலையைக் குடைஞ்சு கோட்டை கட்டியிருக்காங்க. காட்டுல கூண்டுப் பொறி வெச்சோம், குட்டி மாட்டிக்கிச்சு. நல்லாப் பழக்கிட்டா கோட்டைக்குக் காவல் காக்கும்.”

“எங்க குட்டி? ஒண்ணையுங் காணோம்?”

“இந்த கேம்ல படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். இந்தச் சின்ன எழுத்துதாம்ப்பா குட்டி.”

“எழுத்தா? சரி, அதோட ஆத்தாக்காரி?”

“மதிலுக்கு வெளியே சுத்துதே, இந்தப் பெரிய எழுத்து.”

ஆத்தப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். பெரிய எழுத்து மதிலோரமாகப் போவதும் வருவதுமாக இருந்தது. வேறு எங்கும் போகவில்லை.

“எப்படிப் பழக்குவே?”

“அதுக்குன்னு ஒரு குள்ளன் இருக்கான். அவன் கையாலயே தீனி போடுவான். கொஞ்ச நாள் அவன் கவனிக்காம விட்டாப் போச்சு, பழகினதெல்லாம் மறந்து மறுபடியும் காட்டுக்கரடி ஆயிரும். அதனால வெளிய விடவே கூடாது.”

ஆத்தப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“தாயிக்கும் புள்ளைக்கும் நடுவால செவுத்தைக் கட்டிப்போட்டு, தீனி போடறேன்னு பெருமை வேறயா? வயித்துக்குப் போட்டாப் போதுமா? தொற கூண்டை!”

“அந்தக் குள்ளனைக் கடிச்சாலும் கடிக்கும்ப்பா.”

“கடிக்கட்டும். தாயையும் புள்ளையையும் பிரிச்ச பாவம் நமக்கு வேண்டாம்.”

தேஜஸ்ரீ தலையில் அடித்துக்கொண்டு நாலு கீயைத் தட்டினாள். சின்ன எழுத்து கூண்டை விட்டு வந்தது. தட்டுத் தடுமாறிக் கோட்டை வாசலைத் தாண்டியது. பெரிய எழுத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

“பாத்தியா, எப்படி ஒட்டிக்கிச்சு!” ஆத்தப்பன் தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

அமராவதிக்குத் தெம்பு வந்தது. இவ்வளவு நல்ல மனசா? இந்த மனுசரிடம் வாய்விட்டுக் கேட்டே பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

“முதலாளி, நம்ம முப்பிடாதியோட அம்மாவுக்கு ரொம்ப முடியலீங்க. பொழைக்காதுன்னு ஆஸ்பத்திரியில கைவிரிச்சுட்டாங்களாமா. அப்பங்காரரு விடியறப்பவே வந்துட்டாருங்க. ஒரு வாரம் லீவு...”

“ஒரு வாரமா!” துண்டு தோளுக்குத் திரும்பியது.

“நாலு நாளாச்சும் குடுங்க.”

“ஆகாது.”

“ரெண்டு நாளுங்க. உசுரோட ஒருக்கா மூஞ்சியைப் பாத்துட்டு வந்துரட்டும்.”

“மூலனூர்ச் சந்தையில முருங்கைக்காய் வாங்கறாப்புல பேரம் பேசாதே அமராவதி. இன்னிக்கு ஒருத்திக்குக் கேட்டைத் தொறந்தா, நாளைக்கு ஊர்ல இருக்கற அத்தனை அம்மாளுக்கும் முடியாமப் போயிரும். ஒவ்வொண்ணையும் பழக்கி மிஷின்ல நிறுத்தறதுக்குள்ள நம்ம உசுரு போகுது. ஊர்ப்பக்கம் உட்டா அத்தனையும் மறந்து போயிருமல்ல? மூணு வேளை சோறு போடறோம், டிவி வெச்சுக் குடுத்திருக்கறோம். என்ன குறை அதுகளுக்கு?”

தேஜஸ்ரீயின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன. மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா...”

“நீ வெளையாடு கண்ணு. இது மில்லுச் சமாச்சாரம்.” அவர் அமராவதியிடம் திரும்பினார். “அந்த அப்பங்காரனைப் பதமாப் பேசி பஸ் ஏத்தி உட்டுரு. புரியுதா?”

ஊரைக் கூட்டுகிற கோபக்காரிதான். ஆனால் இப்போது அமராவதியின் குரல் உயரவே இல்லை.

“காலையிலயே தென்காசி பஸ்ல ஏத்தி உட்டுட்டனுங்க முதலாளி. புள்ளையையுஞ் சேத்தி. அதைச் சொல்லிப்போட்டு வேலையை உட்டு நின்னுக்கலாம்னுதான் வந்தேன். ஒரு எழுத்துக்காகக் கண்ணைத் தொடச்சீங்களா... அதனாலதான் கேட்டுப் பாத்தனுங்க.”