சாவிக்கிழவி

கதவுக்கு வெளியே சாவி திரும்பியது. மணி பத்து. மாமியாரின் சாவிக்கொத்து கலகலத்தபடி சமையலறைப் பக்கம் போயிற்று.

"போ, போ. உன் ஆயுசு இன்னும் மூணே பக்கம்தான்" என்று மருமகள் பல்லைக் கடித்தாள்.

ஆறு வருடமாக இதே கூத்து. மாடியிலிருந்து நாத்தனார் குடும்பம் இறங்கி வந்து கூடத்தில் சட்டமாக உட்காரும் நேரத்துக்கு, இவள் அறைக்குள் அடைபட்டாக வேண்டும். "அவளுக்குத் தலைவலி, யாரும் தட்டாதீங்க" என்று மாமியார் சொல்வது உள்ளே தெளிவாகக் கேட்கும்.

இல்லாத தலைவலி! சொந்தக்காரர்கள் முன்னால் காட்டக்கூட லாயக்கில்லாதவளா நான் என்று இவளுக்கு வயிறு எரியும். ஏனென்று கேட்கலாம்தான், மாமியார் ஒரு பார்வை பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கணவனோ, "அம்மா எது செஞ்சாலும் ஒரு காரணம் இருக்கும்" என்று செய்தித்தாளுக்குள் புகுந்துகொள்வான்.

அந்த எரிச்சலில் பிறந்தவள்தான் சாவிக்கிழவி. பாழடைந்த மாளிகை, சுவருக்குள் முனகல், இளம்பெண்ணை அடைத்துவைத்துவிட்டு வலது இடுப்பில் சாவிக்கொத்தோடு உலவும் கிழவி. புனைபெயரில் நான்கு நாவல்கள் வந்து சக்கைப்போடு போட்டன. "இந்தப் பயங்கரமெல்லாம் எங்கிருந்துதான் பிடிக்கிறீங்க?" என்று வாசகர்கள் பதிப்பகத்துக்குக் கடிதம் போடுவார்கள். எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து என்று பதில் எழுதவா முடியும்?

தாளுக்கு மட்டும் பஞ்சமில்லை. மாதச் சாமானோடு ஒரு கட்டு வெள்ளைத்தாளும் வந்து அறை அலமாரியில் உட்கார்ந்துவிடும். யாருக்காக வாங்கியதோ, இவளுக்கு வசதியாகப் போயிற்று.

ஐந்தாவது நாவல் இன்று முடிகிறது. அந்தப் பெண் கிழவியை மாடிப்படியிலிருந்து தள்ளிவிடப் போகிறாள். எழுதியதை எடுக்க மெத்தைக்கடியில் கையை விட்டாள். கை வெறுமனே வந்தது.

மெத்தையையே புரட்டிப்போட்டாள். இருநூறு பக்கம்! மாமியார் கையில் சிக்கியிருந்தால், இந்த வீட்டில் இனி எழுத்தும் இல்லை, இவளும் இல்லை.

சாவி மறுபடி திரும்பியது. மாமியார் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கையில் அந்த இருநூறு பக்கத் தாள்கட்டு.

"அத்தை... அது வந்து..."

"இடது இடுப்பு" என்றாள் மாமியார், கண்ணாடியைக் கழற்றாமலே.

"எ... என்னது?"

"சாவிக்கொத்தை நான் செருகுறது இடது இடுப்புல. நாலு புத்தகமா வலதுன்னே எழுதுறே. எதிர்ல நின்னே பார்த்தா அப்படித்தான் தெரியும்."

மருமகள் சுவரோடு சாய்ந்துகொண்டாள். பயமா வெட்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

கூடத்திலிருந்து நாத்தனார் குரல் வந்தது. "அம்மா, அண்ணி எங்கே? எட்டுப் பேருக்கு டீ போடணும். பசங்களுக்கும் ஏதாவது பண்ணித்தரச் சொல்லு!"

"தலைவலின்னு சொன்னேனில்ல? நானே வந்து போடுறேன், கத்தாதே!"

மாமியார் தாள்கட்டை மேசையில் வைத்து, கடைசித் தாளை விரலால் தட்டினாள். "கிழவியைப் படியோரம் கொண்டுபோய் நிறுத்தியிருக்கே."

மாமியார் அறை வாசலைத் தாண்டி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, குரலைத் தணித்தாள்.

"தள்ளிவிட்டுட்டா, நாளைக்கு இந்தக் கதவை யாரும்மா பூட்டுவாங்க?"