தொடையில் போட்ட கட்டு

மூக்கு வழியாகச் செய்த ஆபரேஷனுக்குத் தொடையில் எதற்குக் கட்டு என்று லேத் பட்டறைக்காரர் கேட்டார்.

மூன்றாம் நாள் காலை. மூக்கில் பஞ்சு அடைத்திருந்ததால் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. தலைக்குள் இருந்த கட்டி நழுவித் தொடைக்கு இறங்கிவிட்டதா என்று கேட்டு, தானே சிரித்துக்கொண்டார்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டாள்.

ஆபரேஷன் செய்த டாக்டர், தன் கையிலிருந்த கேஸ் ஷீட்டைப் பார்த்தாள். ரத்தக்கசிவு, கட்டுப்படுத்தப்பட்டது. கட்டியில் பாதி அகற்றப்பட்டது. அவள் எழுதியதுதான். அதில் பொய் எதுவும் இல்லை.

ஆபரேஷன் அன்று, மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயின் மேல் அரிசி அளவு எலும்பு மிச்சமிருந்தது.

விட்டிருக்கலாம்.

இன்னும் ஒரு சுற்று என்று டிரில்லை வைத்தாள்.

திரை சிவந்தது.

மூக்குக்குள் விட்ட கேமராவைப் பிடித்திருந்தவர் பதறி அதை வெளியே இழுக்கப் பார்த்தார். அசையாதீர்கள் என்றாள். இரண்டு குழாய்கள் ரத்தத்தை உறிஞ்சின. ஒரு நொடி ஓட்டை தெரியும், உடனே மூழ்கும். தொடையிலிருந்து கட்டைவிரல் நகமளவு சதையை வெட்டி, நசுக்கிக் கொடுத்தார்கள். ஓட்டையின் மேல் வைத்து அழுத்தினாள்.

பன்னிரண்டு நிமிடம். கை மரத்துப்போயிற்று. எடுக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்த டாக்டர் மட்டும் ரயில் நேரம் அறிவிப்பதுபோல் பிரஷரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ரத்தம் நின்றது.

கொஞ்சம் ரத்தம் கசிந்தது, அடைக்கச் சதை எடுத்தோம். இப்போது அவரிடம் இவ்வளவு சொன்னால் போதும், தலையாட்டிவிடுவார். முழுதாகச் சொன்னால் மீதிக் கட்டியோடு வேறு ஆஸ்பத்திரி தேடிப் போவார். கேஸும் போடலாம். போட்டால் தப்பில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“என் கை தப்பிடுச்சுங்க. பெரிய ரத்தக்குழாய்ல ஓட்டை விழுந்துடுச்சு. நீங்க பிழைச்சதே பெரிசு. அதை அடைக்கத்தான் தொடையில சதை எடுத்தோம்.”

அவர், மனைவியைத் தண்ணீர் தரச் சொன்னார். இரண்டு மடக்குக் குடித்தார்.

“தெரியும் டாக்டரம்மா. மயக்க டாக்டர் நேத்தே வந்து சொல்லிட்டாரு. மீதிக் கட்டியை யார் கையில குடுக்கறதுன்னுதான் தெரிய வேண்டியிருந்துச்சு.”

பிறகு, மறுபடி எப்போது வந்து படுக்க வேண்டும் என்று கேட்டார்.