கை தூக்கும் விளையாட்டு

"இருபது நிமிஷம்தான் இடைவேளை. அதுக்குள்ள எனக்கு பதில் தெரிஞ்சாகணும். பெட்டியை ஏன்டா திருகினே?"

பாடகி தன் தம்பியைக் கேட்டாள். மேடைக்குப் பின்னால் இருந்த அந்த அறை, பள்ளிக்கூடத்தின் விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைக்கும் இடம். காற்றிறங்கிய பந்துகளுக்கு நடுவே ஒரு பெஞ்சில் வயலினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் தம்பி.

"எந்தப் பெட்டியை?"

"நடிக்காதே. சுருதிப் பெட்டியை."

தம்பி வாய்க்குள் ஏதோ சொன்னான்.

"முணுமுணுக்காதே. சொல்றதைத் தெளிவாச் சொல்லு."

சுவரோரமாக உட்கார்ந்திருந்த மிருதங்கக்காரர் தலையைத் தூக்கவில்லை. மிருதங்கத்தின் விளிம்பைச் சின்னக் கல்லால் தட்டித் தட்டிச் சரி பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே கூடத்தில் நூறு குழந்தைகள். எல்லோருக்கும் ஒன்பது, பத்து வயது. கச்சேரி என்ற ஒன்றை நேரில் கேட்பது அவர்களுக்கு இதுதான் முதல் தடவை. அவர்கள் தூங்கிவிடாமல் இருக்க பாடகி ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். பெட்டியிலிருந்து விடாமல் ஒரே சுரம் வந்துகொண்டிருக்கும். பாட்டு அதோடு ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்று தோன்றினால் உடனே கை தூக்கலாம்.

"யாரும் தூக்க மாட்டீங்க, பாருங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தாள்.

மூன்று தடவை கைகள் எழுந்தன. இடைவேளையில் தலைமையாசிரியை வந்து சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. இன்றைக்கு இங்கே நன்றாக நடந்தால் இன்னும் பதினோரு பள்ளிகளில் பாடலாம். அதை முடிவு செய்கிறவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வருஷம் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி வாங்கிய வாய்ப்பு.

"விடுங்கம்மா" என்றார் மிருதங்கக்காரர். "பெரியவங்கன்னா எப்படிப் பாடினாலும் கை தட்டிட்டுப் போயிடுவாங்க. இதுங்க கையைத் தூக்குதுங்க. அவ்வளவுதானே?"

"நீங்க சும்மா இருங்க அண்ணே. எனக்குச் சாட்சி இருக்கு."

கதவருகே நின்றிருந்த ரெட்டைப் பின்னல் சிறுமியைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"பயப்படாம சொல்லு. என்ன பார்த்தே?"

"வயலின் சார் பெட்டியில இருக்கிற திருகைத் திருகினாரு மிஸ். பாட்டுக்கு நடுவுல. யாருக்கும் தெரியாம."

"கேட்டியாடா? பத்து வயசுக் குழந்தை பார்த்திருக்கு."

தம்பி வயலினின் தந்தியை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எனக்குப் புரியுது. போன மாசம் உன்னைத் தனியா வாசிக்கக் கூப்பிட்டாங்க. இனிமே அக்காவுக்குப் பின்னால உட்கார்ந்து வாசிக்க உனக்குக் கசக்குது. நான் மேடையில அசிங்கப்பட்டா உனக்கு வழி சுலபம்."

"அக்கா!"

"உனக்கு வில்லைப் பிடிக்கக் கத்துக் கொடுத்ததே நான்தான்டா."

"மிஸ், மணி அடிச்சிருச்சு" என்றாள் சிறுமி.

"அடிச்சதா?" பாடகி புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு பெட்டியைத் தூக்கினாள். "இனிமே இது என் மடியில இருக்கும். எவன் கையும் இதுல படாது."

தம்பி துள்ளி எழுந்து வாசலை மறித்தான்.

"வேண்டாம்க்கா. பெட்டி என்கிட்டயே இருக்கட்டும். உன் கால்ல வேணா விழறேன்."

"அப்போ ஒத்துக்கிறே?"

"ஆமா. நான்தான் திருகினேன். மூணு தடவையும்."

கல் தட்டும் சத்தம் நின்றது.

"வழியை விடு" என்றாள் பாடகி. "நீ வயலினை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ. இனிமே என் மேடையில உனக்கு இடம் கிடையாது."

சிறுமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மிஸ், சாரைத் திட்டாதீங்க. அவர் திருகினதுக்காக நான் கை தூக்கல."

"பின்னே எதுக்குத் தூக்கினே?"

"முதல்ல பாட்டு ஒட்டல மிஸ். நான் கை தூக்கினேன். அதைப் பார்த்துட்டுத்தான் சார் திருகினாரு. திருகினதும் சரியாயிடுச்சு. உடனே கையை இறக்கிட்டேன்."

பாடகி கையிலிருந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்படின்னா இது தானா விலகிச்சா? கெட்டுப் போச்சா?"

தம்பி மிருதங்கக்காரரைப் பார்த்தான். அவர் தன் மிருதங்கத்தைப் பார்த்தார்.

"யாராவது சொல்லித் தொலைங்களேன்!"

தம்பி அவளைச் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கமாக நின்றான்.

"பெட்டி விலகலக்கா. விலகினது நீ. எட்டு மாசமா ஒவ்வொரு கச்சேரியிலயும் நீ சுருதியில இறங்க இறங்க, பெட்டியை நான் இறக்குறேன். வயலினை இறக்குறேன். அண்ணன் மிருதங்கத்தை இறக்குறார்."

அவள் புரியாமல் அவன் உதடுகளையே பார்த்தாள். அவன் குனிந்து, அவள் இடது காதருகில் இன்னும் சத்தமாகச் சொன்னான்.

"உனக்குக் காது கேக்காம போயிட்டிருக்குக்கா."