தேர்தலுக்குத் தேர்தல் ஒரு வாய்தா

“தேர்தல் தேதி அறிவிச்சாங்க, நம்ம கேஸும் முழிச்சிக்கிச்சு பார்த்தியா மச்சான்?” என்றார் கேசவன்.

தனசிங் சிரித்தார். தாம்பரம் கோர்ட்டின் மாடி வராந்தாவில், ஒரே பெஞ்சில், இருவரும் தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். கீழே கட்சிக்கொரு டீக்கடையில் காத்திருந்த அவர்களுடைய தொண்டர்கள் இதைப் பார்த்தால் மயக்கம் போட்டே விழுந்திருப்பார்கள்.

விழாமல் என்ன செய்வார்கள்? தனசிங் ஒரு கட்சி, கேசவன் அதற்கு நேர் எதிர்க் கட்சி. இந்தத் தடவை முடிச்சூரில் கவுன்சிலர் பதவிக்கு எதிரெதிராக நிற்கிறார்கள். ஒரே தெருவில் குடியிருந்தும் பேச்சுவார்த்தை கிடையாது. தப்பித்தவறி ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துவிட்டால் மறுநாளே கட்சி ஆபீசில் விசாரணை. மேடை ஏறினாலோ ஒருவரையொருவர் நார் நாராகக் கிழிப்பார்கள்.

கேஸ் மட்டும் இருவருக்கும் பொது. அதில் தனசிங் ஏ-ஒன், கேசவன் ஏ-டூ. “இதுலேயாவது என்னை முந்த விட்டியா?” என்று கேசவன் வாய்தாவுக்கு வாய்தா அலுத்துக்கொள்வார்.

எல்லாம் 2015 வெள்ளத்தில் ஆரம்பித்தது. அப்போது இருவருக்கும் கட்சி என்று ஒன்று கிடையாது. தனசிங் டியூஷன் வாத்தியார், கேசவன் எலெக்ட்ரிகல் கடைக்காரர். தெருவில் ஜன்னல் வரைக்கும் தண்ணீர் ஏறி நின்றது. அது வடிய வேண்டிய கால்வாயை மறித்து, மனை வியாபாரி ஜெயவேலு மதில் கட்டியிருந்தார். இருவரும் ஆளுக்கொரு கடப்பாரையோடு இறங்கி மதிலை உடைத்தார்கள். தண்ணீர் வடிந்தது. ஜெயவேலு போலீசில் புகார் கொடுத்தார். ஊரில் இருவருக்கும் நல்ல பெயர் கிடைக்கவே, ஆளுக்கொரு கட்சி வந்து கொத்திக்கொண்டு போயிற்று.

அன்று முதல் அந்த வழக்கு அப்படித்தான். மற்ற நாளெல்லாம் தூங்கும், தேர்தல் நெருங்கினால் சம்மன் வரும். எதிர்த்தரப்பின் சதி என்று இரண்டு கட்சியும் போஸ்டர் ஒட்டும். இவர் கட்சி ஆண்டபோதும் சம்மன் வந்தது, அவர் கட்சி ஆண்டபோதும் வந்தது. அதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

தனசிங் டிபன் கேரியரைத் திறந்தார். வஞ்சிரம் வறுவல். வாய்தா நாள் என்றால் அவர் மனைவி புஷ்பம் இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்குக் கட்டிக் கொடுப்பாள். யாருக்கு என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

மீனைப் பிட்டபடியே கேசவன் பழைய கதைக்குப் போய்விட்டார். மொட்டை மாடியில் குடை பிடித்துக்கொண்டு புஷ்பம் தெரு முழுவதற்கும் உப்புமா கிண்டியது. அதில் உப்பு போட மறந்தது. யாருமே அதைச் சொல்லாமல் தின்று தீர்த்தது. கேசவனின் மகள் தமிழினியைச் சர்ச் அண்டாவுக்குள் உட்கார வைத்து, கழுத்தளவுத் தண்ணீரில் தனசிங் தள்ளிக்கொண்டு போனது.

“காலேஜ் போறா இப்போ. அந்த அண்டா இன்னும் இருக்கான்னு கேக்கறா மச்சான்.”

“இருக்கு. சர்ச் விருந்துக்கு இன்னும் அதுலதான் பொங்குறாங்க” என்றார் தனசிங். பிறகு இன்னொரு துண்டைக் கேசவன் பக்கம் தள்ளி, “அப்ப நல்லா இருந்தோம்ல?” என்றார்.

கேசவன் பதில் சொல்வதற்குள், இருவருக்கும் சேர்த்து ஆஜராகும் வக்கீல் ஸ்ரீவித்யா வேகமாக வந்தார்.

“ரெண்டு பேருக்கும் நல்ல சேதி. ஜெயவேலு சார் புகாரை வாபஸ் வாங்கறார். இன்னையோட கேஸ் முடிஞ்சிடும். இனிமே நீங்க இந்தப் பக்கமே வர வேணாம்.”

சொல்லிவிட்டு அவர் கோர்ட்டுக்குள் போய்விட்டார். கேசவன் கையில் இருந்த மீனை மூடியில் வைத்தார். அதற்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. கேஸ் போனால் இந்தப் பெஞ்சும் போச்சு. இனி தெருவில் எதிரெதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அப்போது, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, ஜெயவேலு மாடிப்படி ஏறி வந்தார். மனைகளையெல்லாம் விற்று முடித்து, பழைய கோபமும் வடிந்து, முட்டி வலி மட்டும் மிச்சமிருந்த கிழவர். மூச்சு வாங்கக் கேசவன் முன்னால் நின்றார்.

“மன்னிச்சுக்கப்பா கேசவா. டாக்டர் மாடிப்படியே ஏறக் கூடாதுன்னுட்டார். இல்லைன்னா நீ கேட்டபடி இன்னும் ரெண்டு தேர்தலுக்காவது கேஸை இழுத்திருப்பேன்.”

தனசிங் மெதுவாகத் திரும்பினார். “நீயா கேட்டே?”

கேசவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

“எலெக்‌ஷன் வந்தா மேடையில உன்னை வாய்க்கு வந்தபடி திட்டணும். அதுக்கு முன்னாடி ஒரு நாளாவது உன் பக்கத்துல உக்காந்துடணும்னு இருக்கும் மச்சான். அதான் ஒவ்வொரு தடவையும் இந்த அண்ணன்கிட்ட போய், கேஸை விசாரணைக்கு எடுக்கச் சொல்லி மனு போடுங்கன்னு கெஞ்சுவேன்.”

தனசிங் டிபன் கேரியரை எடுத்து ஒவ்வொரு அடுக்காக மூட ஆரம்பித்தார்.

“அவனைக் கோவிச்சுக்காதே வாத்தியாரே” என்றார் ஜெயவேலு, முட்டியைப் பிடித்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தபடி. “ஒவ்வொரு தடவையும் அவன் வந்துட்டுப் போன மறுநாளே, நீயும் வந்து இதையேதானே கேட்டே?”