ஆண்டவனிடம் கொடுத்த புகார்

ஒற்றைக் காலூன்ற இடமிருந்தால் போதும் என்று உலகுக்காக ஆடும் அம்பலவாணன் அருள் முன்னிற்க.

காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே, அரசுத் தரிசில் அரை ஏக்கர் உளுந்து விதைத்து வந்தாள் செல்லாயி. அதை விட்டால் அவளுக்கு வேறு மண் இல்லை. ஆண்டுதோறும் அங்கே தேடி வருவன இரண்டு: மழையும், கிராம நிர்வாக அலுவலர் அன்பரசும். மழைகூடச் சில ஆண்டு பொய்த்ததுண்டு.

"அரசு நிலத்துல பயிர் வெச்சதுக்கு அபராதம்மா. இந்தாங்க மெமோ. கட்டிட்டு ரசீதைப் பத்திரமா வெச்சுக்குங்க."

"வெக்கறேன் தம்பி. நடராசர் படத்துக்குப் பின்னாலயே வெக்கறேன். உன் அநியாயத்தை அவரே படிச்சுப் பாக்கட்டும்."

பக்கத்துத் துண்டில் பயிரிட்ட சிங்காரம் சிரிப்பார்.

"பொழைக்கத் தெரியல தங்கச்சி உனக்கு. 'இது எம் பயிரே இல்ல'ன்னு நான் எழுதிக் குடுத்துட்டேன். மெமோ எங்க வரும்?"

ஏழாம் ஆண்டு வழக்கு வந்தது. தரிசில் பயிரிடுவோரை வெளியேற்றுவதா, பட்டா வழங்குவதா என்று சிதம்பரத்தில் விசாரணை. அன்பரசின் கொடுமையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமென்று, படத்தின் பின்னிருந்த ரசீதுகளை மடியில் முடிந்துகொண்டு போனாள் செல்லாயி.

"நீங்கதான் பயிர் வெச்சீங்கன்னு என்னம்மா ஆதாரம்?" என்றார் அதிகாரி.

"ஆதாரத்துக்கு நான் எங்க போவேன் சார்? ஆறு வருஷமா இந்த ஆளு என்னைப் படுத்தின பாட்டை மொதல்ல பாருங்க."

மேசைமேல் ரசீதுகளைக் கொட்டினாள். அதிகாரி ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"வருஷம் தவறாம உங்க பேரு, நிலத்தோட நம்பர், பயிரு, எல்லாம் இருக்குதே. இதுக்கு மேல என்ன ஆதாரம்? பட்டாவுக்கு எழுதறேன், போங்க."

அடுத்துச் சிங்காரத்தின் கோப்பு. உள்ளே ஒரே தாள், அவரே கையொப்பமிட்டது. அதிகாரி அதை உரக்கப் படித்தார். சிங்காரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் செல்லாயி அன்பரசின் எதிரில் போய் நின்றாள்.

"தெரிஞ்சுதான் போட்டியா தம்பி?"

"மெமோ போட்டாத்தாம்மா உங்க பேரு அரசாங்க ஏட்டுல ஏறும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ரசீதைப் பத்திரமா வெச்சுக்குங்கன்னு வருஷா வருஷம் சொன்னேனே. அது கெடக்கட்டும்மா, வந்ததுதான் வந்தீங்க, கோயில் பக்கத்துலதான் இருக்குது. உள்ள போயி எம்மேல குடுத்த புகாரை மட்டும் வாபஸ் வாங்கிட்டு வந்துடுங்க."

கேட்டவர் யாவர்க்கும் காலூன்ற மண்ணும், திட்டியவரையும் காக்கும் மனமும் அவன் அருள்வானாக.