நீல நாமம்

“பாய், ஊரை அடிச்சு உலையில போடறதுக்கும் ஒரு அளவு வேணாமா?”

விமல்ராஜ் போட்ட சத்தத்தில் கடைக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நசீருதீன் மட்டும் சிரித்தார். ஓசூரில் இத்தனை வருஷமாகப் பேட்டரிக் கடை வைத்திருப்பவருக்கு இது பழகிப்போன பாட்டுதான்.

விமல்ராஜ் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ் என்று வீடாகவே மாற்றியிருந்தான். கம்பெனியில் லீவு விட்டால் மனைவியோடு காடு மலை என்று கிளம்பிவிட வேண்டும். பேட்டரியும் சோலாரும்தான் பாக்கி.

“லித்தியம் போடுங்க சார். எடை கம்மி, குலுக்கல் தாங்கும், வருஷக்கணக்கா உழைக்கும். விலையும் அதுக்கேத்த மாதிரிதான் இருக்கும்.”

“பைபாஸ்ல பழைய சாமான் கடைக்காரன் பேனலோட சேர்த்துப் பாதி விலைக்குத் தர்றான். மூடின பேட்டரி, தண்ணி ஊத்தற வேலையே இல்ல.”

நசீருதீன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

“அது வேணாம் சார். என்கிட்ட வாங்காட்டியும் பரவாயில்ல, அங்க வாங்காதீங்க. அஞ்செட்டிப் பக்கம் யானை வராம இருக்கக் கரண்டு வேலிக்குப் போட்டதைக் கழட்டிட்டு வந்து விக்கிறானுங்கன்னு பேச்சு. என் கடைக்கே கொண்டாந்தானுங்க, விரட்டி விட்டேன்.”

“அடேங்கப்பா! வியாபாரம் கை நழுவுதுன்னதும் யானையையே இழுத்துட்டு வந்துட்டாரே!”

சொல்லிவிட்டு விமல்ராஜ் படியிறங்கினான். நேராகப் பைபாஸுக்குத்தான் போனான். பாதி விலை என்றால் மனுஷனுக்குக் காது கேட்காதே!

வேனில் பேட்டரியை மாட்டும்போது அவன் மனைவி கவிப்ரியா அதை உற்றுப் பார்த்தாள். பக்கவாட்டில் நீலப் பெயிண்டில் ஒரு நாமம். நடுக்கோடு கொஞ்சம் கோணல்.

“யாரோ ஆசையா வெச்சிருந்த பேட்டரி போலிருக்கேங்க. பில்லு கேட்டீங்களா?”

“பில்லா ஃபேனைச் சுத்த வைக்கப் போவுது?”

“சரி, இந்தப் பெயிண்டையாவது துடைச்சிடறேன். தின்னர் போட்டாப் போயிடும்.” பாட்டிலும் துணியுமாக வந்தவளை அவன் பாய்ந்து தடுத்தான்.

“ஏய், கை வைக்காத! பெருமாள் நாமத்தை அழிச்சா பாவம். அவரே தேடி வந்திருக்காரு, இருக்கட்டும்.”

நாமத்துக்குக் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்தான். பக்தியில் அவனைக் குறை சொல்லவே முடியாது. சுவிட்சைப் போட்டதும் ஃபேன் ஜோராகச் சுற்றியது.

முதல் பயணம் அஞ்செட்டிப் பக்கம் நாட்றாம்பாளையத்துக்கு. சாயங்காலம் ஊரைத் தாண்டி ஒரு ராகிக் கொல்லை ஓரமாக நிறுத்தினார்கள். கொல்லையில் முக்கால்வாசி மிதிபட்டுக் கிடந்தது.

வண்டியைப் பார்த்துவிட்டு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“சார், ராத்திரிக்கு இங்க தங்காதீங்க. யானை வரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

கொல்லையைச் சுற்றி வேலிக்கம்பி அறுந்து தொங்கியது. அதைப் பார்த்ததும் விமல்ராஜுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“சோலார் வேலியை இப்படிப் போட்டு வெச்சா வராம என்ன பண்ணும்? மானியத்துல வாங்க வேண்டியது, அப்புறம் பார்த்துக்கறதே கிடையாது. ஓசியில வந்தா அருமை தெரியாதும்மா.”

சாந்தம்மா என்ற அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை.

“மானியம் போக மீதிக்கு என் கம்மலைக் கொடுத்தேன் சார். கதிர் வாங்கற நேரத்துல எவனோ பேட்டரியைக் கழட்டிட்டுப் போயிட்டான். கம்பியில கரண்டு இல்லைன்னா யானைக்கு அது வெறும் கயிறுதானே? எங்க வூட்டுக்காரரு டார்ச்சை எடுத்துக்கிட்டுக் காவலுக்குப் போனாரு…”

கொல்லை மூலையைக் கையால் காட்டினாள். புது மண் மேட்டின் மேல் செவ்வந்திப்பூ காய்ந்து கிடந்தது.

“ஐயோ!” என்றாள் கவிப்ரியா.

“திம்மராயன்னு பெருமாள் பேருதான் அவருக்கு. பேருக்கேத்தாப்ல பெருமாள்னா உசுரு. மாட்டுக் கொம்புக்கு அடிச்ச நீலப் பெயிண்ட் மிச்சமிருந்துச்சுன்னு கம்பத்துக்கு, பேட்டரிக்கு, எல்லாத்துக்கும் நாமம் போட்டு வெச்சாரு. சாமி பார்த்துக்கும்னாரு.”

விமல்ராஜ் பக்கத்திலிருந்த கம்பத்தைப் பார்த்தான். நீல நாமம். நடுக்கோடு கொஞ்சம் கோணல். அடுத்த கம்பத்திலும் அதே கோணல். கவிப்ரியா அவனையே பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. வேனுக்குள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“நீங்க ஓசூருங்களா சார்? அங்க எங்கியாச்சும் அந்த நாமம் போட்ட பேட்டரி கண்ணுல பட்டா ஒரு வார்த்தை சொல்லுங்க. கேசு கீசு ஒண்ணும் வேணாம். திரும்பிக் கெடைச்சாப் போதும். நிக்கற ராகியாவது மிஞ்சட்டும், புள்ளைங்களுக்கு வருஷத்துச் சோறே அதான்.”

“கண்டிப்பா பார்க்கறேம்மா.” விமல்ராஜ் வேன் கதவைச் சாத்தினான்.

“புண்ணியமாப் போவும் சார். இருட்டறதுக்குள்ள கிளம்பிடுங்க.” கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வண்டி கிளம்பியது. கவிப்ரியா அழுதுகொண்டே வந்தாள்.

“கொடுத்துட்டு வந்துடலாங்க. நமக்கு எதுக்கு இந்தப் பாவம்?”

முதல் வளைவு தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். திருப்பத்தான் போகிறான் என்று அவளுக்கு மூச்சு வந்தது.

பின்பக்கம் பேட்டரியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு விமல்ராஜ் மெதுவாகக் கேட்டான்.

“கவி, அந்தத் தின்னர் பாட்டிலை எங்க வெச்ச?”